புத்தாண்டில் காப்பக நாயைத் தத்தெடுக்க நினைப்பவர்களுக்கு

அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் டிசம்பர் கடைசி வாரத்தில்தான், காப்பகத்திலிருந்து ஒரு நாயைக் கொண்டுவந்து வளர்க்கலாம் என்ற பேச்சு பல வீடுகளில் தொடங்குகிறது. நல்ல எண்ணம், அதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆனால் நாயைப் போய்ப் பார்ப்பதற்கு உகந்த நாள் வேறு, அதை வீட்டுக்கு அழைத்துவருவதற்கு உகந்த நாள் வேறு என்பதைப் புதிதாக வளர்க்க வருபவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். டிசம்பர் 31 நள்ளிரவில் புதுச்சேரி எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கடற்கரைச் சாலையில் மட்டுமல்லாமல் முத்தியால்பேட்டையிலும் லாசுப்பேட்டையிலும் தெருவுக்குத் தெரு வெடிச்சத்தம் கேட்கும். அது அடங்கி இரண்டு வாரத்துக்குள் போகி வந்து, விடியற்காலையில் மேளமும் புகையும் தொடங்கிவிடும். அதன் பின்னர் பொங்கல், மாட்டுப் பொங்கல், உறவினர் வருகை, காணும் பொங்கலன்று கடலூர் வெள்ளிக் கடற்கரைக்குத் திரளும் கூட்டம் என்று அடுத்தடுத்து ஆரவாரம்தான். புது இடத்துக்கு வந்து, எது சுவர், எது வாசல், யார் வீட்டு ஆள் என்று புரியாமல் நிற்கும் ஒரு நாய்க்கு இதைவிடக் கடினமான மூன்று வாரம் ஆண்டில் வேறில்லை.

ஆகவே விடுமுறையில் காப்பகத்துக்குப் போய் நாயைப் பாருங்கள், பழகுங்கள், படிவம் எழுதிக் கொடுங்கள். காணும் பொங்கல் முடிந்தபின் வரும் முதல் சனிக்கிழமை அதை அழைத்து வாருங்கள். இடைப்பட்ட நாட்களில் அது காப்பகத்தில் தனக்குப் பழகிய இடத்திலேயே இருக்கும். நீங்களும் இரண்டு மூன்று முறை போய்வந்தால், வீட்டுக்கு வரும்போது உங்கள் வாசனையாவது அதற்குத் தெரிந்திருக்கும். காப்பகத்தில் இடநெருக்கடி காரணமாக முன்கூட்டியே அழைத்துப்போகச் சொன்னால், ஜனவரி 2 முதல் போகிக்கு முன்பு வரையுள்ள நாட்களில் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அழைத்து வந்து, போகி இரவுக்கு வீட்டின் உள்ளறை ஒன்றை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டில் பேச வேண்டியவை

நம் நாட்டு நாய்கள் நல்ல கவனிப்பில் 12 முதல் 15 ஆண்டு வரை வாழக்கூடியவை. இன்று ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை கேட்டதற்காக நாய் வாங்கினால், அந்தப் பிள்ளை கல்லூரிக்கோ வேலைக்கோ வெளியூர் போன பிறகும் அந்த நாய் உங்களுடன்தான் இருக்கும். எனவே அதிகாலையிலும் இரவிலும் நடக்க அழைத்துப்போவது யார், வெளியூர்த் திருமணத்துக்குக் குடும்பத்தோடு போக நேர்ந்தால் பார்த்துக்கொள்வது யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பெரியவர்களில் ஒருவர் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளாதவரை காப்பகத்துக்குப் புறப்பட வேண்டாம். பிள்ளைகள் உதவி செய்யலாம். பொறுப்பு அவர்களுடையதாக இருக்கக்கூடாது.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் தலையாட்டிய வீட்டுக்காரர், முதல் முறை நாய் குரைத்ததும் மனம் மாறுவது உண்டு. அப்போது அவதிப்படுவது நாய்தான். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் செல்லப்பிராணி வளர்ப்பதையே குடியிருப்போர் சங்கம் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனாலும் பக்கத்து வீட்டாரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் சட்டம் பேச வேண்டிய நிலையே வராது. உங்கள் நகராட்சி, மாநகராட்சி அல்லது கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் வளர்ப்பு நாய்க்கான உரிமம், பதிவு பற்றி விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ரேபிஸ் தடுப்பூசிச் சான்று அதற்குப் பெரும்பாலும் தேவைப்படும்.

காப்பகத்தில் கவனிக்க வேண்டியவை

கம்பிவேலிக்குப் பக்கத்தில் ஓடிவந்து குதிக்கும் குட்டியிடம் எல்லோருடைய கண்ணும் போய்விடும். குட்டிதான் வேண்டும் என்பவர்களுக்கு நான் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்: புதிதாக நாய் வளர்ப்பவர்களுக்குக் குட்டியைவிட இரண்டு, மூன்று வயது நிரம்பிய நாயே ஏற்றது. குட்டிக்குப் பகலெல்லாம் ஆள் வேண்டும். செருப்பு முதல் மின்கம்பி வரை கடிக்கும். தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்கவும் முடியாது. குட்டிகளுக்குக் கடுமையான வாந்தியும் பேதியும் தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், வீட்டில் ஊற்றும் பினாயிலுக்கு அது சாகாது. வளர்ந்த நாயின் உயரம், குணம், குரல் எல்லாம் வெளிப்படையாகத் தெரிந்துவிடும், எதிர்பாராதது குறைவு. அப்படியும் குட்டிதான் வேண்டுமென்றால், தாயிடம் எட்டு வாரமாவது இருந்த குட்டியையே எடுங்கள்.

ஒரே நாளில் முடிவெடுக்காமல் குறைந்தது இரண்டு முறையாவது போய்ப் பாருங்கள். அதில் ஒரு முறை சோறு வைக்கும் நேரமாக இருக்கட்டும். தட்டுக்கு அருகே ஆள் வந்தால் உறுமுகிறதா, மற்ற நாய்களை விரட்டுகிறதா, அல்லது ஒதுங்கி நின்று கடைசியில் வந்து சாப்பிடுகிறதா என்பதையெல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில் பார்த்துவிடலாம். மூலையில் படுத்திருக்கும் நாயைச் சோம்பல் என்றோ நோய் என்றோ தள்ளிவிடாதீர்கள். நாற்பது ஐம்பது நாய்கள் குரைக்கும் இடத்தில் ஒதுங்கிக் கிடப்பது வீட்டுக்குள் அமைதியாக இருக்கக்கூடிய நாயாகவும் இருக்கலாம். அதன் பக்கத்தில் நேராகப் போய் நிற்காமல், சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் உட்கார்ந்து, பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் ஒரு துண்டு வேகவைத்த கோழியை நீட்டிக் காத்திருங்கள். பயந்த நாய், பின்னங்கால்களை நின்ற இடத்திலேயே ஊன்றிக்கொண்டு, உடம்பை நீட்டி, கழுத்தை மட்டும் முன்னே கொண்டுவந்து, துண்டைக் கவ்வியதும் சட்டென்று பின்வாங்கும். அதே நாய் அடுத்த வாரம் நான்கு கால்களையும் முன்வைத்து வந்து வாங்கினால், அது மனிதரை நம்பத் தயாராக இருக்கிறது என்று தைரியமாக முடிவு செய்யலாம்.

காப்பகத்தாரிடம் ஒளிவுமறைவின்றிக் கேளுங்கள்: எந்த நிலையில் இங்கே வந்தது, யாரையாவது கடித்திருக்கிறதா, பிள்ளைகளோடும் பூனை, கோழிகளோடும் எப்படி இருக்கும், வாகனத்தைத் துரத்துமா, சங்கிலிக்குப் பழகியிருக்கிறதா. அவர்களும் உங்களைக் கேள்வி கேட்பார்கள். ஆதார் நகல், முகவரி, சில நேரம் வீட்டை வந்து பார்க்கும் அனுமதி என்று கோருவார்கள். இதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எதையும் கேட்காமல் கையில் கயிற்றைக் கொடுத்து அனுப்பும் இடத்தைத்தான் நான் சந்தேகிப்பேன்.

நாயின் ஒரு காதில் ‘வி’ வடிவத்தில் சிறு வெட்டு இருந்தால், அதற்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது என்று பொருள். விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பிடிக்கப்படும் தெருநாய்களுக்கு மயக்கத்தில் இருக்கும்போதே இந்த அடையாளத்தை இடுவார்கள். அதை ஊனமாக நினைத்து ஒதுக்க வேண்டாம். மூன்று கால், ஒரு கண், கருநிறம் என்ற காரணங்களுக்காகவும் நல்ல நாய்கள் பின்தங்கிவிடுகின்றன. பைரவர் என்று சொல்லிச் சோறு வைக்கும் நம் ஊரிலேயே கறுப்பு நாயைக் கூட்டிப்போகத் தயங்குவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

மருத்துவ அட்டையும் முதல் பரிசோதனையும்

அழைத்து வரும்முன் மருத்துவ அட்டையைக் கேட்டு வாங்குங்கள். ரேபிஸ் தடுப்பூசி, டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் முதலியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசி, குடற்புழு நீக்க மருந்து, கருத்தடை ஆகிய நான்கும் தேதியோடு அதில் இருக்க வேண்டும். குட்டிக்குக் கூட்டுத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை போடப்படும்; ரேபிஸ் ஊசி மூன்று மாத வயதில் போடப்பட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் ஊக்க ஊசியும், அதன்பின் ஆண்டுதோறும் ஓர் ஊசியும் போடப்படும். முந்தைய விவரம் தெரியாத வளர்ந்த நாய்க்குத் தடுப்பூசிகளை முதலிலிருந்து தொடங்குவதே பாதுகாப்பு.

வந்த ஒரு வாரத்துக்குள் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். புதுச்சேரியில் இருப்பவர்களுக்குக் குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் மருத்துவமனை இருக்கிறது. கடலூரில் அரசு கால்நடை மருத்துவமனை உண்டு. தனியார் மருத்துவரிடம் போனாலும், இரவில் அவசரம் என்றால் யாரை அழைப்பது என்பதை அன்றே கேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடலோரப் பகுதியில் தனியாகச் சொல்ல வேண்டியது உண்ணிக் காய்ச்சல். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெயில் ஏறும்போது புல்லிலும் சுவர் விரிசலிலும் உண்ணி பெருகும். அது கடிக்கும்போது இரத்தத்தில் புகும் கிருமி, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாய் திடீரென்று தட்டைத் திரும்பிப் பார்க்காமல் படுத்திருந்தால் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்திருந்தாலோ, மூக்கில் இரத்தம் கசிந்தாலோ, நாளை பார்க்கலாம் என்று விடாமல் அன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். நேரத்தோடு மருந்து தொடங்கினால் பெரும்பாலான நாய்கள் தேறிவிடும். தேறிவிட்டதே என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தக்கூடாது. தினமும் காதின் உட்பக்கம், கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்குக் கீழ் ஆகிய இடங்களைத் தடவிப் பார்த்து, உண்ணி தென்பட்டால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். மண்ணெண்ணெய், பினாயில் போன்றவற்றைச் சொறிக்கும் உண்ணிக்கும் தடவும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அவை தோலைப் பொசுக்குவதோடு, நாய் நக்கும்போது உள்ளே போய் உயிருக்கே ஆபத்தாகும். மனிதருக்கான காய்ச்சல், வலி மாத்திரைகளையும் நாமாகக் கொடுக்கக்கூடாது.

அழைத்து வரும் நாள்

பைக்கில் நடுவே உட்கார வைத்து அழைத்து வரவே வேண்டாம். ஆட்டோவோ காரோ பேசி, இரண்டு பேர் போங்கள். புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து உணவு வேண்டாம் என்று காப்பகத்தில் சொல்லிவைத்தால் வழியில் வாந்தி எடுப்பது குறையும். கழுத்துப்பட்டை, மார்புப் பட்டை இரண்டும் போட்டு இரண்டிலும் கயிறு மாட்டுங்கள். பயந்த நாய் பின்னுக்கு நகர்ந்து தலையைக் குனிந்தால் தளர்ந்த கழுத்துப்பட்டை அப்படியே கழன்றுவிடும். பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் கூடாது. உங்கள் கைபேசி எண் எழுதிய தகட்டைக் காப்பகத்திலேயே மாட்டிவிடுங்கள். புதிதாக வந்த நாய்கள் தப்பி ஓடுவது பெரும்பாலும் வண்டியிலிருந்து இறங்கும்போதும் வாசல் கதவு திறக்கும்போதும்தான். எனவே கேட்டைச் சாத்திய பிறகே வண்டிக் கதவைத் திறக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். அது முடியாத வீடுகளில் ஒருவர் இறங்கிக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்ட பின்னரே நாயை இறக்க வேண்டும். அது படுத்த சாக்கையோ துணியையோ, துவைக்காமல், கேட்டு வாங்கி வாருங்கள். புது வீட்டில் அதற்குத் தெரிந்த ஒரே வாசனை அதுதான்.

வீட்டில் கேட்டின் கம்பி இடைவெளி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் உயரம், மூடாத கிணறு, எலி மருந்து வைத்த மூலை ஆகியவற்றை முந்தைய நாளே பார்த்துச் சரி செய்திருக்க வேண்டும். படுக்கும் இடம் வீட்டுக்குள் ஆள் நடமாட்டம் தெரியும் ஒரு மூலையாக, ஆனால் எல்லோரும் கடந்துபோகும் வழியாக இல்லாமல் இருக்கட்டும். வாசலில் கட்டிப்போட்டுக் காவலுக்கு வைக்கத்தான் நாய் வேண்டும் என்றால், இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் எதுவும் பயன்படாது, காப்பகத்தாரும் கொடுக்கமாட்டார்கள்.

முதல் மூன்று நாள், முதல் மூன்று வாரம்

வந்த அன்றே குளிப்பாட்ட வேண்டாம். மஞ்சள் கரைத்து ஆரத்தி எடுப்பது, தெருப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவது, கைபேசியில் ஆளாளுக்குப் படம் எடுப்பது எல்லாம் அன்பில் செய்வதுதான். ஆனால் நாய்க்கு அது அச்சத்தைக் கூட்டும். முதல் மூன்று நாட்கள் வீட்டில் இருப்பவர்களைத் தவிர யாரும் வேண்டாம். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டால் இழுக்காதீர்கள். தண்ணீரை அருகில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். முதல் நாள் சாப்பிடாமல் இருப்பதும், இரவில் முனகுவதும், வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பதும் இயல்பு. ஒரு நாள் தாண்டியும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அல்லது வாந்தியும் பேதியும் சேர்ந்து வருகிறது என்றால் மட்டும் மருத்துவரை அழையுங்கள். குட்டியாக இருந்தால் அவ்வளவு நேரமும் காத்திருக்கக்கூடாது; சில மணி நேரப் பேதியே அதை வற்றவைத்துவிடும்.

மூன்று வாரம் ஆகும்போது வீட்டின் நேர ஒழுங்கு அதற்குப் பிடிபட்டுவிடும். அதுவரை அடங்கியிருந்த குணங்களும் அப்போதுதான் வெளிவரும். கேட்டருகே குரைப்பது, செருப்பைத் தூக்கிப்போவது எல்லாம் இந்தக் கட்டத்தில் தொடங்குவதைப் பார்த்து, நாய் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். பயம் விலகி இயல்பாகத் தொடங்கியிருக்கிறது. முழுமையாக ஒட்டிக்கொள்ள மூன்று மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலஜலம் கழிக்கப் பழக்குவதற்கு அடி, அதட்டல் எதுவும் உதவாது. எழுந்தவுடனும் சாப்பிட்டு இருபது நிமிடத்துக்குள்ளும் ஒரே இடத்துக்கு அழைத்துப்போய், கழித்து முடித்த கையோடு பாராட்டி ஒரு துண்டு தின்னக் கொடுத்தால் பெரும்பாலான நாட்டு நாய்கள் விரைவில் கற்றுக்கொள்ளும்.

உணவில் முதல் வாரம் காப்பகத்தில் என்ன கொடுத்தார்களோ அதையே கொடுத்து, பிறகு சிறிது சிறிதாக உங்கள் வீட்டு உணவுக்கு மாற்றுங்கள். குழைய வடித்த சோற்றில் உப்பு, காரம் சேர்க்காமல் வேகவைத்த கோழியோ முட்டையோ பிசைந்து கொடுக்கலாம். கடலூர் முதுநகர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு மத்தியும் நெத்திலியும் எளிதாகக் கிடைக்கும். வேகவைத்து முள் நீக்கிக் கொடுத்தால் நல்ல உணவு. கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். மீந்துபோன சாம்பார்ச் சோறும் குழம்புச் சோறும் கொடுப்பது நம் வழக்கம். ஆனால் அவற்றில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைப் பாதிக்கும். புத்தாண்டுக் கேக்கிலும் சர்க்கரைப் பொங்கலிலும் அது இருக்கும் என்பதைப் பிள்ளைகளுக்கும் பாட்டிமார்களுக்கும் இந்த வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். சாக்லேட்டும் ஆகாது. வெந்த கோழி எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

பிள்ளைகளுக்கு இரண்டே விதி போதும்: சாப்பிடும்போது அருகே போகக்கூடாது, தூங்கும்போது தொடக்கூடாது. விளையாட்டில் பல் பட்டாலும், நகம் கீறி இரத்தம் வந்தாலும், காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்கக்கூடாது. தோலினுள் போடும் முறையில், முதல் ஊசி போடும் நாளை 0 என்று கணக்கிட்டு, 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ரேபிஸ் தடுப்பூசி போடுவார்கள். வீட்டு நாய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்றே என்று நாமே முடிவு செய்யாமல், வேண்டுமா வேண்டாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

தெருவில் இறங்கும்போது

வாரக்கணக்கில் ஒரே வழியில், ஒரே நேரத்தில் நடத்திச் செல்வது நல்லது. உங்கள் தெரு நாய்களுக்குப் புதிதாக வந்த நாய் அந்நியன். எல்லையில் வந்து நின்று குரைக்கும். கயிற்றை இறுக்கி இழுத்தால் உங்கள் பதற்றம் நாய்க்குத் தொற்றிக்கொள்ளும். நின்றுவிடாமல், ஓடாமல், வளைந்து கடந்துபோங்கள். சில நாட்களில் இரு தரப்பும் பழகிவிடும். விடியற்காலையில் வாசலில் கோலமிட்டிருக்கும் வீடுகளைச் சுற்றி அழைத்துப்போவதும், கழித்ததை அள்ளக் காகிதமோ பையோ கையில் வைத்திருப்பதும் அக்கம்பக்கத்து நல்லுறவைக் காப்பாற்றும். மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்குச் சாமிகள் வரும் புதுச்சேரி வைத்திக்குப்பத்துக்கோ, கடலூர் தேவனாம்பட்டினத்துக்கோ முதல் ஆண்டில் நாயைக் கூட்டிப்போக வேண்டாம். கூட்டமும் மேளமும் வாணவேடிக்கையும் அதுவரை பழக்கியதையெல்லாம் கலைத்துவிடும்.

கருத்தடை ஆகாத நாயாக இருந்தால், ஏறத்தாழ ஆறு மாத வயதுக்குப் பிறகு மருத்துவரிடம் தேதி கேட்டுச் செய்துவிடுங்கள். பெண்நாய் ஆண்டுக்கு இரண்டு முறை ஈனக்கூடியது. அந்தக் குட்டிகளுக்கு வீடு தேடுவது எவ்வளவு கடினம் என்பதை நீங்கள் நாய் எடுத்த காப்பகமே காட்டியிருக்கும்.

எல்லா முயற்சிக்குப் பின்னும் சில வீடுகளில் பொருந்தாமல் போவதுண்டு. குழந்தைக்குக் கடுமையான ஒவ்வாமை வரலாம், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் நாயோடு விடாமல் சண்டை நடக்கலாம். அப்போது செய்ய வேண்டியது, நாயை எடுத்த அதே காப்பகத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் இடம் ஒழுங்கு செய்யும்வரை வீட்டில் வைத்திருந்து, மருத்துவ அட்டையோடு நேரில் ஒப்படைப்பது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்திலோ மீன் அங்காடிப் பக்கத்திலோ, எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்று இறக்கிவிட்டு வருவது விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் 11-ஆம் பிரிவின்படி குற்றமாகும். தத்தெடுக்கப்பட்ட தெருநாய் மீண்டும் தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவரின் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த உத்தரவில் கூறியிருக்கிறது. திருப்பி ஒப்படைக்கும்போது, என்ன நடந்தது, எந்தச் சூழலில் உறுமியது, எதைக் கண்டு பயந்தது என்று உள்ளபடியே எழுதிக் கொடுத்து வாருங்கள். அடுத்த வீட்டைத் தேர்ந்தெடுக்கக் காப்பகத்தாருக்கு அந்தக் குறிப்பு பெரிதும் உதவும்.